ஒரு ஆளுக்கு ரசம்

குற்றாலிங்கத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் என் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் சாப்பிட்டால் இலையை எதிர்ப் பக்கமாக மடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். தன் பக்கமாக மடித்தால், மறுபடியும் வந்து சாப்பிடுவேன் என்று அர்த்தம்.

எழுந்து கை கழுவிவிட்டு வந்து என்னிடம் ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் போய்விட்டார்.

அவர் கேட்டது என்ன என்று சொல்லுமுன், அதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

குற்றாலிங்கம் தவசுப்பிள்ளை. கல்யாண வீட்டில் சமைக்கிறவரை அம்பாசமுத்திரத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலத்தில் கல்யாண வீடுகளுக்கு விளக்கு லைன் கொடுக்கப் போகும்போது பின்கட்டில் அவரைப் பார்ப்பேன். புகைக்குள் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, கம்பத்தில ஏறுமுன்ன ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் அவரை நீர், உமக்கு என்று பேசுவேன். அவர் என்னை நீங்க என்பார். கடைசிவரை அது மாறவில்லை.

என் மனைவி பிரமு ஓர் ஆவணி மாதத்தில் இறந்தாள். அதற்குப் பிறகு எனக்கு ஓட்டல் பொட்டலம்தான். சித்திரை விடுமுறையில் மகள் காந்திமதி ஓசூரிலிருந்து வந்தாள். வந்ததும் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இந்தச் சட்டைக்குள்ள இன்னொரு ஆளை வைக்கலாம்."

"வெயிலுக்குக் காத்தோட்டமா இருக்கு."

"விளையாடாதீங்க. அம்மா திதிக்கு வருவேன். அதுக்குள்ள இந்த அடுப்படியில சமையல் நடக்கணும். நீங்க வச்சு, நீங்க சாப்பிடணும். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட ஓசூருக்கு வந்திரணும்."

"சரி."

"சரின்னா, எது சரி?"

"சமையல்."

அவள் சிரித்தாள். சிரித்ததில் தப்பில்லை. மழையில் கம்பத்தின் உச்சியில் நின்று வேலை பார்த்தவன் நான். ஆனால் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஓசூர் வீடு நல்ல வீடு. மாப்பிள்ளையும் தங்கமானவர். ஆனால் அங்கே விளக்குப் போட வேண்டும் என்றால்கூட எந்த சுவிட்ச் என்று யாரையாவது கேட்க வேண்டும். என் வீட்டில் ஒவ்வொரு சுவிட்சும் நான் வைத்தது. இருட்டில் கை தானாகப் போய் நிற்கும். அந்த வீட்டிலேயே இருந்து முடிந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு நான் சமைத்தாக வேண்டும்.

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தத்தன்று மண்டபத்துப் பின்கட்டுக்குப் போனேன். குற்றாலிங்கம் சாம்பார் அண்டாவின் முன் நின்றிருந்தார். படகுத் துடுப்பு நீளத்துக்கு ஒரு கரண்டி கையில்.

"குற்றாலம், நீரு எனக்குச் சமையல் சொல்லித் தரணும்."

"வீட்டில விசேஷமா அண்ணாச்சி? எத்தனை இலை?"

"ஒரு இலை."

"நூத்தி ஒண்ணா?"

"ஒண்ணு. நான் மட்டும்தான்."

கரண்டி நின்றது. பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, இருநூறு பேருக்குக் கீழ எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"விளையாடாதேயும்."

"சத்தியமா. வீட்டில அவதான் வைப்பா. நான் அடுப்படிப் பக்கம் போனாலே, வெளிய போங்கம்பா."

"பின்ன? ஒரு நாள் இவரு உப்புமா கிண்டி, அந்தத் தெருவே ரெண்டு நாள் சாப்பிட்டுச்சுல்லா" என்றாள் பேச்சியம்மாள்.

"நீ அரிசியைப் பாரு தாயி."

நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"இருங்க அண்ணாச்சி" என்றார். சாம்பாரை ஒரு சுற்றுக் கிண்டினார். "ஒரு ஆளுக்கு எப்படி வைக்கிறதுன்னு எனக்கும் தெரியணும். ஆடி பிறந்தா கல்யாணம் கிடையாது. சும்மாதான் இருப்பேன். வாரேன்."

அன்று நான் பந்தி முடியும்வரை அங்கேயே இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், மேளக்காரர்கள், பாத்திரம் கழுவுகிற பெண்கள் என்று எல்லாரும் சாப்பிட்டான பிறகு, குற்றாலிங்கம் ஓர் அலுமினியத் தட்டில் கொஞ்சம் சோறு போட்டு மோர் விட்டுப் பிசைந்தார்.

"சாம்பார் ஊத்திக்கலையா?"

"ஆவி பட்டே வயிறு நிறைஞ்சிருது. நான் வச்ச சாம்பாரை நான் சாப்பிட்டதே இல்ல அண்ணாச்சி."

"வைக்கும்போது ருசி பாப்பீரே."

"முதல் இலை பிள்ளையாருக்கு. அதுக்கு முன்னால வாயில வைக்கக் கூடாதே." மூக்கைத் தொட்டுக் காட்டினார். "எல்லாம் இதான்."

ஆடி பிறந்ததும் வந்தார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தலையில் துண்டு, தோளில் அந்த நீளக் கரண்டி. வாசலில் யாரோ காவடி எடுத்து வருகிற மாதிரி இருந்தது.

"அடுப்படி அந்தப் பக்கம்" என்றேன்.

"இருக்கட்டும். சாப்பிட்டாச்சா?"

"இல்ல. இட்லிப் பொட்டலம் வாங்கி வச்சிருக்கேன்."

"எங்க வச்சுச் சாப்பிடுவீங்க?"

காட்டினேன். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேடை. பொட்டலத்தை அங்கே பிரித்து, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, காகிதத்தைச் சுருட்டிப் போட்டுவிடுவேன். கழுவுவதற்குத் தட்டுகூட இருக்காது.

"நின்னுக்கிட்டேவா?"

"ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிரும்."

அவர் கொல்லைப் பக்கம் போய் வாழையில் ஒரு நுனி இலை அறுத்து வந்தார். கூடத்தில் போட்டார். தண்ணீர் தெளித்தார். இட்லியை எடுத்து வைத்து, பாலிதீன் பையிலிருந்த சட்னியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, அதிலிருந்து கரண்டியால் எடுத்து இலையில் விட்டார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் எதிரே குனிந்து நின்றார். சம்பந்தியைக் கவனிக்கிற மாதிரி கவனித்தார்.

"சட்னி போதுமா? இன்னொரு இட்லி வைக்கட்டுமா?"

மொத்தமே நாலு இட்லிதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும், "ஒண்ணு வையும்" என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டார்.

"வாரேன் அண்ணாச்சி."

"சமையல்?"

"இன்னைக்கு இவ்வளவுதான். பொட்டலம் வாங்கினாலும் இலை போட்டு, உக்காந்து சாப்பிடுங்க."

"யாரு பரிமாறுவா?"

"நீங்கதான்."

"யாருக்கு?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சாரலில் இறங்கிப் போனார். கரண்டியை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார் என்று வாசல்வரை ஓடினேன். "மண்டபத்தில வேற கிடக்கு. இது இங்கயே கிடக்கட்டும்" என்று தெருவிலிருந்தே கத்தினார்.

மறுநாள் நானே இலை போட்டேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டேன். வைத்துவிட்டுச் சுற்றிப் போய் உட்கார வேண்டியிருந்தது. சட்னி வேண்டும் என்றால் எழுந்து நின்று, குனிந்து ஊற்றிவிட்டு, மறுபடி உட்கார வேண்டும். பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஆனால் சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

அடுத்த தடவை வந்தபோது கேட்டார்.

"என்ன சாப்பிடணும்னு தோணுது?"

"ரசம்."

"வச்சிருவோம்."

எங்கள் வீட்டு ரசப் பாத்திரம் அவர் கையில் டம்ளர் மாதிரி இருந்தது. நீளக் கரண்டியை அதில் இறக்கப் பார்த்தார். பாத்திரம் சாய்ந்தது. கரண்டியை மூலையில் சாத்திவிட்டு ஒரு ஸ்பூனை எடுத்தார். புளி கரைத்தார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டார். உப்பை அள்ளினார், பாதியைத் திரும்பப் போட்டார், யோசித்தார், மறுபடி அள்ளினார். பொங்கி வரும்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். புருவம் கருகியிருக்கும். நான் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"வாசனை மேல ஏறலையே" என்றார், கவலையாக.

சோற்றில் ஊற்றினார். நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

"எப்படி?"

"திருச்செந்தூர் கடல்."

அவரும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"எத்தனை பந்தி பாத்தவன் அண்ணாச்சி! ஒரு டம்ளர் ரசத்தில விழுந்துட்டேனே!"

நான் சிரிக்கவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வேறு ஆளாக இருந்தால் என் உப்பைக் குறை சொல்லியிருப்பார், அடுப்பைக் குறை சொல்லியிருப்பார். அவர் எழுந்து அந்தப் பாத்திரத்தைத் தானே கழுவி, மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தில நானும் இன்னைக்குத்தான் சேந்திருக்கேன். நீங்க வையுங்க. நான் பாக்கேன்."

"உப்பு எவ்வளவுன்னு சொல்லும்."

"எனக்குத் தெரியாதுன்னு இப்பத்தானே பாத்தீங்க. கையை நீட்டுங்க."

நீட்டினேன். உள்ளங்கையில் உப்பைக் கொட்டினார்.

"போடுங்க. வாயில வச்சுப் பாருங்க. பத்தலைன்னா இன்னும் போடுங்க."

"வாயில வைக்கலாமா?"

"அது கல்யாண வீட்டில. இங்க பிள்ளையார் ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."

மூன்று தடவை வாயில் வைத்துப் பார்த்துப் போட்டேன். நாக்கு சுட்டுவிட்டது. ரசம் என்று சொல்லும்படி ஒன்று வந்தது. அவர் ஒரு கிண்ணம் வாங்கி, சுவரில் சாய்ந்து நின்று, கடைசிச் சொட்டுவரை குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆடி முழுவதும் இப்படிப் போனது. அவர் தினமும் வந்தார் என்று சொல்ல முடியாது. தோன்றும்போது வருவார். ஒரு நாள் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. "காய்ச்சக்காரனுக்குச் சரியா இருக்கும்" என்று சொல்லி இரண்டு பேரும் குடித்தோம். அவியலுக்கு நான் நறுக்கிய காய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இது கம்பத்துக்கு, இது கம்பிக்கு, இது பல்புக்கு" என்று பிரித்து வைத்தார். வாழைக்காய்ப் பொரியல் மட்டும் எப்படியோ முதல் நாளே எனக்குப் படிந்துவிட்டது. அவர் அதைப் பார்த்து உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். எப்போது எண்ணெய் விட்டேன், எப்போது மூடினேன் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாழைக்காயை வண்டிக்கணக்கில் பொரித்த மனிதர், என் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு ஆளுக்கு வைக்கிறது ஏன் வே இம்புட்டுக் கஷ்டமா இருக்கு?"

"இருநூறு பேர்ல ஒருத்தனுக்குப் பிடிக்கலைன்னா தெரியாது அண்ணாச்சி. இங்க அந்த ஒருத்தன் மட்டும்தானே இருக்கான்."

நடுவில் ஒரு நாள் நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. காலையில் இரண்டு பழம். மத்தியானம் வந்தவர், ஆறிக் கிடந்த அடுப்பைப் பார்த்தார்.

"உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தனுக்காக எதுக்கு அரிசி களைஞ்சு, காய் நறுக்கி, பாத்திரம் கழுவி... விடும். வேலை மெனக்கேடு."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"ஒரு ஐப்பசியில கல்லிடைக்குறிச்சியில கல்யாணம். அறுநூறு இலைக்குச் சொல்லியிருந்தாங்க. சமைச்சு இறக்கியாச்சு. ராத்திரியெல்லாம் மழை, ஆத்தில வெள்ளம். மாப்பிள்ளை வீட்டு வண்டி எல்லாம் அக்கரையிலயே நின்னுபோச்சு. பெண் வீட்டில ஒருத்தரும் சாப்பிட மாட்டேங்காங்க. பந்திப்பாய் விரிச்சபடி கிடக்கு."

"பிறகு?"

"தெருவோட போன ஒரு ஆள் மழைக்கு உள்ள வந்து ஒதுங்கினாரு. ரொம்ப வயசு. வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டு நின்னாரு. சாப்பிடுதீங்களான்னு கேட்டேன். சாப்பிடுதேன்னாரு. இலை போட்டோம்."

"சோறும் குழம்பும் ஊத்திவிட்டிருப்பீரு."

"உப்பு வச்சோம். இனிப்பு வச்சோம். பச்சடி, கூட்டு, பொரியல், ரெண்டு ஊறுகாய். அப்பளம். பருப்பு, நெய். சாம்பாருக்கு ஒருத்தன், ரசத்துக்கு ஒருத்தன்னு எங்க ஆளுக அத்தனை பேரும் வாளியோட வரிசையா நின்னானுக. நான் பாயசம் எடுத்துக்கிட்டுப் போனேன்."

"அந்த ஆளு யாரு?"

"கேக்கலை."

"சாப்பிட்டுட்டு என்ன சொன்னாரு?"

"'பாயசம் இன்னொரு கரண்டி'ன்னாரு."

நான் எழுந்து போய் அரிசியைக் களைந்தேன்.

இன்னொரு நாள் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தவன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் நின்றேன். பிரமு பூத்தொடுக்க உட்காருகிற இடம் அது. அவள் இறந்தபோதுகூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன். கரண்டியைப் போட்டு வேகமாகக் கிண்ட ஆரம்பித்தேன்.

"கிண்டாதீங்க!"

குற்றாலிங்கம் அடுப்படி வாசலில் நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். வேறு ஒரு பாத்திரம் எடுத்து, மேலே இருந்த பருப்பை மட்டும், அடியைத் தொடாமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மாற்றினார்.

"கிண்டினா கருகல் பூராவும் மேல ஏறிரும். அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

"அடியில இருக்கிறதை என்ன செய்ய?"

"தண்ணி ஊத்தி வையுங்க. இன்னைக்குச் சுரண்ட வேண்டாம்."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பருப்பைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

"கருகல் வாடை இருக்கு" என்றேன்.

"இருக்கத்தான் செய்யும்" என்றார். "நெய் ஊத்திக்கிடுங்க."

ஆவணி பிறந்தது. காந்திமதியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். திதியன்று ஐயர் வந்தார், சடங்கு முடிந்தது, சமையலுக்கு வெளியே சொல்லியிருந்தோம். மறுநாள் எனக்கு உரியது. வருஷமும் கழிந்துவிட்டது, அடுப்படியும் என் கையில் இருந்தது.

குற்றாலிங்கத்தை வரச் சொல்லியிருந்தேன். வந்ததும் அடுப்படிக்கு இழுத்துப் போய் மெதுவாகக் கேட்டேன்.

"நாலு பேருக்கு எவ்வளவு வைக்கணும்?"

"எனக்கு இருநூறு தெரியும். உங்களுக்கு ஒண்ணு தெரியும். நாலு ரெண்டு பேருக்குமே தெரியாதே அண்ணாச்சி."

"விளையாடாதேயும். இன்னைக்கு நான் தோத்தா நாளைக்கு ஓசூர்."

"அங்க குளிரு ஜாஸ்தியாமே" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய், மாப்பிள்ளையிடம் ஓசூர்க் குளிரைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

காந்திமதி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். நான் அடுப்பைப் பற்றவைத்தபோது முகத்தைத் திருப்பவில்லை. அதை அவள் கவனித்தாள். பருப்பு வைத்தேன். வாழைக்காய் பொரித்தேன். அப்பளம் இரண்டு கருகியது, அதைத் தனியாக எனக்கு எடுத்து வைத்தேன். கடைசியில் ரசம்.

உப்பைப் போட்டுவிட்டு வாயில் வைக்க ஸ்பூனை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றேன். முதல் இலை பிரமுவின் படத்துக்கு முன்னால் போடுவதாக இருந்தது. அதற்கு முன்னால் எப்படி வாயில் வைப்பது? ஸ்பூனைக் கீழே வைத்தேன். குனிந்து மோந்து பார்த்தேன். ரச வாசனை வந்தது. உப்பு இருக்கிறதா என்று வாசனை சொல்லவில்லை.

கூடத்துக்கு இலை எடுத்துப் போகும்போது குற்றாலிங்கத்தின் காதில் சொன்னேன்.

"ரசத்தை வாயில வைக்கலை."

அவர் பிரமுவின் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கை இரண்டையும் ஒரு கணம் கும்பிடுகிற மாதிரி சேர்த்துப் பிரித்தார். அது அவளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

முதல் இலை படத்துக்குப் போட்டேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பரிமாறினேன். பருப்பு தப்பித்தது. பொரியலை மாப்பிள்ளை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். காந்திமதி ரசத்துக்குச் சோற்றில் குழி செய்தாள்.

ரசம் ஊற்றினேன். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கை இலையிலேயே நின்றுவிட்டது.

"அப்பா."

"என்னம்மா?"

"இது அம்மா ரசம் மாதிரி இல்ல."

மாப்பிள்ளை இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். என் கையில் கரண்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது.

குற்றாலிங்கம்தான் பேசினார். சோற்றைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்.

"ஆமா தாயி. அம்மா வச்சது அம்மா ரசம். இது உங்க அப்பா வச்சது."

அவள் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

"உப்பு ஒரு கல் குறையுது" என்றாள்.

உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். போட்டுக்கொண்டாள். பிசைந்தாள். சாப்பிட்டு முடித்துவிட்டு, சின்ன வயதில் செய்கிற மாதிரி உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா."

ஊற்றினேன். உறிஞ்சிக் குடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையிடம் சொன்னாள். "தீபாவளிக்கு நாம இங்க வந்திருவோம். அங்க அப்பாவுக்கு வாழைக்காய் நல்லதா கிடைக்காது."

ஓசூர்ப் பேச்சு அதோடு முடிந்தது.

குற்றாலிங்கம் எல்லாருக்கும் கடைசியாகச் சாப்பிட்டு முடித்தார். பருப்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு இரண்டு தடவை, மோருக்கு ஒரு தடவை சோறு வாங்கினார். கல்யாண வீட்டில் அலுமினியத் தட்டோடு ஒதுங்குகிற மனிதர், என் கூடத்தில் நிதானமாக, இலையில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிட்டார். உப்புக் கிண்ணத்தை அவர் தொடவில்லை. பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தார். பிரமு போனதிலிருந்து என் வீட்டில் அப்படி மடிக்கப்பட்ட முதல் இலை அது.

கை கழுவிவிட்டு வந்து வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். வாசல்வரை கூடப் போனேன்.

"குற்றாலம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நான் கத்துக்கிட்டேனா இல்லையா?"

அவர் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நாளைக்கு மத்தியானத்துக்கு என்ன அண்ணாச்சி?"

"கத்திரிக்காய் இருக்கு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கடையத்தில் ஒரு முகூர்த்தம். ஆவணியின் முதல் கல்யாணம். பந்தி எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவுகிறவர்களும் சாப்பிட்டு எழுந்த பிறகு, குற்றாலிங்கம் தட்டில் மோர்ச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறார். அப்படியே போய்விட்டார்.

அன்று காந்திமதியையும் மாப்பிள்ளையையும் வண்டி ஏற்றிவிட்டு வந்து தாமதமாகத்தான் சமைக்க ஆரம்பித்திருந்தேன். பேச்சியம்மாள் வந்து சொன்னபோது, பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி, என் அடுப்பில் கத்திரிக்காய் வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கவில்லை. வெந்ததும் இறக்கி மூடி வைத்துவிட்டு அவளோடு போனேன். திரும்பி வந்து குளித்துவிட்டு, இலை போட்டு உட்கார்ந்தேன்.

அதெல்லாம் நடந்து வெகு காலம் ஆகிவிட்டது. நான் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். நீளக் கரண்டியை அப்போதே அவர் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க அடுப்படியில இதுக்கு இடமில்ல, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள். அது என் அடுப்படி மூலையில் சாத்தியபடி இருக்கிறது. என்னிடம் இருக்கிற எந்தப் பாத்திரத்திலும் அது இறங்காது.